முதல் முழங்கால்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த டைரி மாத்திரைக் கம்பெனிக்காரர் பேரனுக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு மருந்தின் பேர் அச்சடித்திருக்கிறது. இன்றைய பக்கத்தில் மலச்சிக்கல் மருந்து. நல்ல காரியம் ஆரம்பிக்கிறோமே என்று அதன் மேல் மஞ்சளைத் தடவி மறைத்துவிட்டேன்.

"ஆச்சி, நம்ம ஆஸ்பத்திரி சரித்திரம் படைக்கப்போவுது. கூடவே இருந்து ஒருத்தர் எழுதி வைக்கணும்" என்றான் பேரன். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் எழுதும் சீட்டை மருந்துக்கடைப் பிள்ளைகள் மட்டும்தான் வாசிக்க முடியும்.

பேரன் டாக்டர் சற்குணராஜ், எலும்பு டாக்டர். கோவில்பட்டியில் சொந்த ஆஸ்பத்திரி. கீழே ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடியில் வீடு. எட்டு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் போனவனை நான் வளர்த்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். இதை யாரிடமும் சொல்லிக்காட்டும் வழக்கம் எனக்குக் கிடையாது. தங்கச்சி செல்லக்கனியிடம் மட்டும் போனில் அப்பப்போ சொல்வேன். அவள் சாத்தூரில் இருக்கிறாள். அவள் மகன் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். ஜவுளிக்கடையும் ஒரு தொழில்தான்.

பிப்ரவரி 4, புதன்

காத்திருக்கும் கூடத்தில் படங்கள் மாட்டினார்கள். மேனேஜர் டேனியல் மதுரையில் கண்ணாடி போட்டு எடுத்து வந்தான். எல்லாரும் உலகத்திலேயே பெரிய டாக்டர்கள். கீழே தமிழில் விவரம் ஒட்டியிருப்பதால் எனக்குச் சிரமமில்லை. முதலில் சுஸ்ருதர், அறுந்த மூக்குக்கு மறு மூக்கு வைத்தவர். அப்புறம் அம்மை குத்த வழி சொன்ன ஜென்னர். காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சில் வைத்துக் கேட்டவர் ஒருத்தர். அதிலிருந்துதான் ஸ்டெதாஸ்கோப் வந்ததாம். கை கழுவுங்கள் என்று சொன்ன செம்மல்வைஸ். எக்ஸ்ரே கண்டுபிடித்தவர் டாக்டரே இல்லையாம், ஆனாலும் எலும்பு ஆஸ்பத்திரியில் அவரை விட முடியுமா? பெனிசிலின்காரர். கடைசியில், ஒருத்தர் இருதயத்தை எடுத்து இன்னொருத்தருக்கு வைத்த பர்னார்ட். அதற்கும் பக்கத்தில் ஒரு வெறும் சட்டம்.

"இது யாருக்குய்யா?" என்றேன்.

"வரப்போறவருக்கு ஆச்சி" என்று டேனியல் சிரித்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

சிந்துஜா வந்து பார்த்தாள். பேரன் பெண்டாட்டி, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், பொள்ளாச்சிப் பெண். எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுவாள். பணிவு அந்த ஒரு எழுத்தோடு சரி. "நம்ம முத்துலட்சுமி ரெட்டி படம் ஒண்ணு வெச்சிருக்கலாமுங்களே?" என்றாள்.

"இடமில்ல சிந்து" என்றான் பேரன்.

அவள் வெறும் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

மிஷின் வந்துவிட்டது. முழங்காலை மாற்றி வைக்கும் ரோபோ. மனுஷ உருவத்தில் இருக்கும் என்று நினைத்தேன். ஒற்றைக் கை முளைத்த பீரோ மாதிரி இருக்கிறது. தென்மாவட்டத்தில் இதை வைத்து இதுவரை யாரும் ஆபரேஷன் பண்ணியதில்லையாம். பேரன் பெங்களூர் போய் மூன்று நாள் பிளாஸ்டிக் எலும்பில் பழகி, சான்றிதழ் வாங்கி வந்திருக்கிறான்.

தியேட்டரிலேயே பூஜை போட்டோம். மிஷின் கையில் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கூட வந்த கம்பெனிப் பையன், "மேடம், இது கிருமியே படக்கூடாத இடம்" என்று கத்தினான். "குங்குமத்துல ஏதுப்பா கிருமி?" என்று கேட்டேன். கை கழுவச் சொன்னவர் படத்துக்குக் கீழே ஒரு வாஷ்பேசின் இருக்கிறது. உடைத்த தேங்காயை எல்லாம் அதில் போட்டுவைத்திருந்ததால் இன்றைக்கு யாரும் கை கழுவவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மிஷினைப் பார்த்து ஜனங்கள் பயப்படுகிறார்கள். கழுகுமலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேரன் எல்லாம் விளக்கிச் சொன்னான்.

"அப்ப மிஷினா அறுக்கும்?"

"எலும்பை அது அளந்து வெட்டும். நான் பக்கத்துலேயே நின்னு பார்த்துக்கிடுவேன்."

"நானும் பார்த்துக்கிட்டுத்தானய்யா இருக்கேன். அதுக்கு எதுக்கு டாக்டரு?"

மகனும் மகளும் அவரை நம்ம தள்ளுவண்டியிலேயே வைத்து ரோட்டைத் தாண்டி எதிர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வண்டியைத் திருப்பி வாங்க ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஆள் வந்து சொன்னதுதான் இடி. எதிர் ஆஸ்பத்திரியிலும் இதே மிஷின் அடுத்த மாதம் வருகிறதாம்.

பேரன் மத்தியானம் சாப்பிடவில்லை. சின்ன வயதில் பரீட்சையில் இரண்டாவதாக வந்தால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். "தென்மாவட்டத்துலேயே முதன்முறையாகன்னு போடணும் ஆச்சி. ரெண்டாவதா ஒருத்தன் செஞ்சா அது செய்தி இல்ல. ஜென்னருக்கு அடுத்தவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியவில்லை. மனசு கேட்கவில்லை. "எனக்குப் பண்ணுய்யா" என்றேன்.

"உங்களுக்கு முட்டி வலிக்குதா ஆச்சி?"

"வலிக்காம இருக்குமா? எழுபத்தாறு வயசு முட்டி."

மறுபடி கேட்கவில்லை. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டான். நான் மொட்டைமாடிக்குப் போய் வற்றலைத் திருப்பிப் போட்டு, காக்காயை விரட்டிவிட்டு, மறந்துபோன சுளகுக்காக இன்னொரு தரம் ஏறி இறங்கினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

செல்லக்கனிக்குப் போன் போட்டேன்.

"உலகத்துல எல்லா நாட்டுலயும் முதல்ல ஒருத்தருக்குப் பண்ணியிருக்காங்க. இங்க அது நான்தான்" என்றேன்.

"உனக்கு முட்டி நல்லாத்தானக்கா இருக்கு? பொங்கலுக்கு வந்தப்ப சம்மணம் போட்டு உக்காந்து மூணு மணி நேரம் என்னையக் குறை சொன்னியே."

"ஏட்டி, உள்ளுக்குள்ள வலி. நீ வலிச்சா ஊரைக் கூட்டுவ. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

அவள் முட்டி நிஜமாகவே கெட்டுப்போனது. கழிப்பறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள். நான் அதைப் பற்றி விசாரித்தேன், விசாரிக்காமல் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

என் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். சிந்துஜா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மேலே எழுதியிருந்த பேரை வாசித்தாள்.

"இது உங்களோடதுதானுங்களா ஆச்சி?"

"பின்ன?"

"நாப்பது வயசுக்காரங்களுக்கு இப்படி இருந்தாலே கொடுத்து வெச்சவங்க. வலிக்குதுங்களா நெசமா?"

பேரனைப் பற்றிக் கெட்ட எண்ணம் வைத்துக்கொண்டுதான் கேட்கிறாள் என்று தெரிந்தது. புருஷன் பேர் பேப்பரில் வருவது சில பெண்களுக்குப் பிடிப்பதில்லை. "வலிக்கு" என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

கடலை வறுத்தேன். டேனியல் என் முழுப் பேரை எழுதி வாங்கிக்கொண்டு போனான். ச. தனபுஷ்பம். 'திருமதி' போடச் சொன்னேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கூடத்தில் காத்திருக்கும் ஜனங்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்வது இப்போது என் வேலை. இன்றைக்கு எட்டயபுரத்திலிருந்து வந்த ஒரு பெண், "இவுங்கல்லாம் முதல்ல யாருக்குப் பண்ணுனாங்க ஆச்சி? அவுங்கல்லாம் பிழைச்சாங்களா?" என்று கேட்டுவிட்டாள். கீழே ஒட்டிய தாளில் அது இல்லை. பேரனிடம் கேட்டேன். "அது முக்கியமில்ல ஆச்சி" என்று போய்விட்டான். வேறு வழியில்லாமல் சிந்துஜாவிடம் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அம்மை குத்தியது தோட்டக்காரர் மகனுக்காம். எட்டு வயதுப் பையன், ஜேம்ஸ் பிப்ஸ் என்று பேர். பிழைத்துக்கொண்டான். பின்னாளில் ஜென்னர் அவனுக்கு இருக்க ஒரு வீடும் கொடுத்தாராம். நல்லது.

பெனிசிலின் முதலில் ஒரு போலீஸ்காரருக்கு. நல்லபடியாகத் தேறி வந்திருக்கிறார். பாதியில் மருந்து தீர்ந்துபோய் இறந்துவிட்டார்.

எக்ஸ்ரேக்காரர் தன் பெண்டாட்டி கையைத்தான் முதலில் எடுத்தாராம். மோதிரத்தோடு எலும்பு தெரிந்ததும் அந்தம்மா, என் சாவையே பார்த்துவிட்டேன் என்று சொல்லிற்றாம். பாவம், வீட்டுக்காரர் மனம் நோகாமல் சொல்லியிருக்கலாம்.

"இருதயம் மாத்துனவர்?"

"ஆபரேஷன் நல்லா நடந்துச்சுங்க ஆச்சி."

"பெறகு?"

"பதினெட்டு நாளுங்க."

வெயில் காலம் ஆரம்பித்துவிட்டது. மோர் குடித்தேன்.

"ஒரு ஜெர்மன்காரர் இருந்தாருங்க" என்றாள். "கை நரம்பு வழியா இருதயத்துக்குள்ள குழாய் விட முடியுமான்னு பார்க்கணும். கூட இருந்த நர்ஸ் எனக்குப் பண்ணுங்கன்னாங்க. சரின்னு அந்தம்மாவை மேஜையில கட்டிப் படுக்க வெச்சிட்டு, அவங்களுக்கே தெரியாம தன் கையிலேயே விட்டுக்கிட்டாருங்க."

இது எனக்குப் பிடித்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது பேரனிடம் சொன்னேன். "ஏன்யா, அவரு மாதிரி உன் முட்டியிலேயே பண்ணிப் பார்த்தா என்ன?"

"எனக்கு முட்டி நல்லா இருக்குல்ல ஆச்சி" என்றான்.

நான் ரசம் ஊற்றினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். இன்றைக்கே போட்டோ எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு எடுத்தால் நோயாளி முகம் வாடியிருக்கும், பேப்பரில் பார்க்க நன்றாக இருக்காது என்று டேனியல் சொன்னான். அதுவும் சரிதான். நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். முட்டியில் கட்டுப் போட்டார்கள். அரக்குப் பட்டு கட்டியிருந்தேன், கட்டு வெள்ளையாக எடுப்பாகத் தெரிந்தது. பேரன் எனக்குப் பொன்னாடை போர்த்தினான். நான் அவனுக்குப் பூங்கொத்து கொடுத்தேன். நர்ஸுகள் எல்லாரும் பின்னால் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

நிருபர் நல்ல பிள்ளை. "இப்ப எப்படி இருக்கு ஆச்சி?" என்று கேட்டார்.

"இன்னும் பண்ணலையேப்பா."

டேனியல் குறுக்கே வந்து, "மறுபிறவி எடுத்த மாதிரி இருக்குன்னு எழுதிக்கோங்க" என்றான். அவனுக்கு வார்த்தை நன்றாக வரும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் வெறும் வயிற்றில் தியேட்டர் வாசல் வரை போனேன். பச்சை உடுப்பு கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் திறந்து கிடக்கிறது, இதைக் கண்டுபிடித்தவன் படத்தை மட்டும் எங்கும் மாட்டவில்லை.

சிந்துஜா உள்ளே இருந்து வந்தாள். முகமூடியைக் கழற்றினாள். பேரனைப் பார்த்து, "நான் இவங்களுக்கு மயக்கம் கொடுக்க மாட்டேங்க" என்றாள்.

"சிந்து, வெளில பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாமுங்க. நல்ல முட்டிய எதுக்குங்க அறுக்கறீங்க?"

"வலிக்குதுன்னு அவுங்களே சொல்லுதாங்க!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதவு வழியாக உள்ளே தெரிந்த விளக்கைப் பார்த்தேன். ஒரே விளக்கில் ஏழெட்டு விளக்கு, நல்ல வேலைப்பாடு.

சிந்துஜா கையுறையை உருவிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மதுரையிலிருந்து வேறு மயக்க டாக்டரை வியாழக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருத்தர் முன்னுக்கு வருவதைத் தடுக்க வெளியில் ஆள் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். பசி தாங்கவில்லை. எட்டு இட்லி சாப்பிட்டேன். அப்படியொரு நிம்மதி, இட்லி மெத்தென்று இருந்ததால்.

பிப்ரவரி 18, புதன்

பேப்பரில் வந்துவிட்டது!

'தென்மாவட்டத்திலேயே முதன்முறையாக ரோபோ மூலம் மூதாட்டிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை: கோவில்பட்டி மருத்துவர் சாதனை'. கலர் போட்டோ. நேற்றே முடிந்துவிட்டதாகவும் நான் நலமாக இருப்பதாகவும் போட்டிருக்கிறது. செய்தியை நிறுத்தச் சொல்ல டேனியல் மறந்துவிட்டானாம்.

பேரன் ஒரு மணி நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அதற்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. டாக்டர்கள் சங்கம், அரிமா சங்கம், அவன் படித்த பள்ளிக்கூடம். ஒவ்வொரு போனுக்கும் அவன் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கடைசியில், "வந்தது வந்துபோச்சு ஆச்சி. மறுப்புப் போட்டா ஆஸ்பத்திரி பேர் கெட்டுரும். இனி உங்களுக்குப் பண்ண வேண்டாம். நீங்க ஒரு வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தா போதும்" என்றான்.

"மூதாட்டின்னு போட்டுட்டானே. பேர் எங்க?" என்றேன்.

கடைசி வரியில் இருந்தது. 'தனபுஷ்பா' என்று போட்டிருந்தார்கள். மத்தியானம் வெறும் சட்டத்தில் பேரன் படத்தை மாட்டினார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

படுத்தே இருக்கிறேன். மூன்று டஜன் ஆரஞ்சு, ஆறு ஹார்லிக்ஸ். படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறது. இப்போதுதான் முதல் தடவையாக முட்டியும் லேசாக வலிக்கிறது, மடக்காமலே வைத்திருப்பதால்.

சிந்துஜா ஒரு தட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டுவந்து வைத்தாள். ஆரஞ்சு இனிப்பாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

நடந்து காட்டினேன். கேமராக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். முதலில் கம்பு கொடுத்தார்கள், பாதியில் அதைத் தூக்கிப் போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த உற்சாகத்தில் படியேறி முதல் மாடி வரை போய்த் திரும்பினேன். "ஒரே வாரத்துல!" என்று நிருபர் வாயைப் பிளந்தார். பேரன் என் காதில், "கொஞ்சம் மெதுவா ஆச்சி, நம்புற மாதிரி நடங்க" என்றான்.

பிப்ரவரி 27, வெள்ளி

கூடத்தில் உட்கார இடமில்லை. ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், சங்கரன்கோவிலில் இருந்தெல்லாம் வருகிறார்கள். எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பார்த்துவிட்டு, வீட்டில் கலந்து சொல்கிறோம் என்று போகிறார்கள், இன்னும் ஒருத்தரும் சேரவில்லை. டேனியல் கூடத்து நடுவில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறான். மணிக்கு ஒரு தரம் எழுந்து படங்களின் ஓரமாக நடந்துவிட்டு வருகிறேன். முட்டியில் உறை மாட்டியிருக்கிறேன். ஒரு கிழவி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஒரு சங்கடம். மிஷினுக்குள்ளேயே எத்தனை முட்டி பண்ணியது என்று கணக்கு இருக்குமாம், அது கம்பெனிக்கும் தெரியுமாம். அங்கிருந்து போன் வந்தது. பேப்பரில் ஒன்று என்று இருக்கிறது, மிஷினில் சுழி என்று இருக்கிறதே என்கிறார்கள். வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நிஜமாக ஒன்று நடந்தாக வேண்டும்.

மார்ச் 2, திங்கள்

மகனோடு செல்லக்கனி வந்து இறங்கினாள். ஒரு பை காராச்சேவு. காரிலிருந்து இறங்குவதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"எங்க, நட பார்க்கலாம்" என்றாள்.

நடந்தேன்.

"குதி."

"ஏட்டி, போ."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் பொறாமையில நம்பாம இருந்தேன்க்கா. பண்ணுனா நானும் உன் பேரன் கையாலதான் பண்ணுவேன். உனக்கே பண்ணியிருக்கான், எனக்கு என்ன பயம்?"

பேரன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "வியாழக்கிழமையே வச்சுக்கிடலாம் சின்னாச்சி" என்றான். நானும் காலண்டரைப் பார்த்து நல்ல நாள்தான் என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல?

மார்ச் 4, புதன்

செல்லக்கனியைச் சேர்த்துவிட்டார்கள்.

வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சிந்துஜா வந்து எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"சின்ன ஆச்சிக்குச் சர்க்கரை ரொம்ப அதிகமுங்க. நெஞ்சுப் படமும் சரியில்லைங்க. மொதல்ல அதைச் சரி பண்ணணும். அப்புறம், நெறய பேருக்குப் பண்ணிப் பழகுன கையில பண்ணணும். நாளைக்குப் பண்ணுனா மேஜையிலேயே ஏதாவது ஆயிடலாமுங்க."

"ஊசி போட்டுச் சர்க்கரையைக் குறைச்சிருவேன்னு சொல்லுதான் அவன்."

"நான் சொன்னா அவர் கேக்க மாட்டேங்கறாருங்க. சின்ன ஆச்சி மகன்கிட்டயும் சொன்னேன். புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு நெனைக்கறாரு. அவங்ககிட்டயே சொன்னேன். எங்கக்காவே நடக்கறா, நீ யாரு பயமுறுத்தன்னு கேக்கறாங்க." வாழைக்காய்த் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். "நீங்க நடக்கறதைத்தானுங்க ஆச்சி அவங்க நம்பறாங்க."

வாழைக்காய் கறுத்துவிட்டது. தண்ணீரில் போட மறந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

காலையிலேயே செல்லக்கனி அறைக்குப் போனேன். பச்சை உடுப்பு போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து காது எல்லாம் கழற்றியிருந்தார்கள். அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. மதுரை மயக்க டாக்டர் வந்துகொண்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் கழுத்தில் டையோடு கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, இன்னைக்கு வேண்டாம்" என்றேன். "நாள் அவ்வளவு சரியில்ல."

"திங்கக்கிழமை நீதான நல்ல நாள்னு சொன்ன?"

"உனக்குச் சர்க்கரை இருக்கு."

"உனக்கு இல்லாததா?"

"நெஞ்சு பலமில்லையாம்."

"சிந்துஜா சொல்லிக் கொடுத்து வந்தியா? உன் வாயாலேயே அவளை எத்தனை திட்டு திட்டியிருக்க?"

"வேற ஆஸ்பத்திரியில, பெரிய ஊர்ல, நிதானமா…"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பப் புரியுது. உன் பேரன் எனக்குப் பண்ணக்கூடாது. நீ மட்டுந்தான் விறுவிறுன்னு நடக்கணும். நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டே கிடக்கணும். சின்னப் பிள்ளையில புதுப் பாவாடையை நீ போட்டுக் கிழிச்ச பெறகுதான் எனக்கு. இந்த வயசுலயும் மாறலையேக்கா நீ."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். எழுந்தும்விட்டேன். கதவு வரை போனேன். நல்ல நடைதான், ஒரு குறையும் இல்லை. அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தாழ் போட்டேன். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து முட்டி உறையை உருவினேன். சேலையைத் தூக்கிக் காட்டினேன்.

செல்லக்கனி கண்ணாடியை எடுத்துப் போட்டாள். குனிந்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"தையலைக் காணோமே."

"இல்ல."

"அடுத்த காலா?"

அதையும் காட்டினேன்.

"அப்ப பேப்பர்ல போட்டது?"

"போட்டோ நெசம்."

"இந்த மிஷின்ல வேற யாருக்காவது பண்ணியிருக்கானா?"

"இல்ல."

"அப்ப நான் எத்தனையாவது?"

"நீதான்ட்டி முதல்."

வெளியில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளுவது கேட்டது.

"எழுபத்திரண்டு வருசத்துல இன்னைக்குத்தான் என்னைய முதல்ல நிறுத்தியிருக்க" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க நான் நிமிரவில்லை. "என் சேலையை எடு" என்றாள்.

நானே கட்டிவிட்டேன். கொசுவம் சரியாக வரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எட்டாக வைத்தாள். கூடம் நிறைய ஜனம். பெரிய டாக்டர்கள் எல்லாரும் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் என் பேரனும். அவன் தியேட்டர் தொப்பியோடு ஓடிவந்தான். பின்னால் கம்பெனிக்காரர்கள்.

"சின்னாச்சி, எங்க போறீங்க? எல்லாம் தயாரா இருக்கு."

"சாத்தூருக்கு."

எட்டயபுரத்துப் பெண் எழுந்து நின்றாள். மாமியாரைச் சேர்க்க வந்திருந்தாள். "என்னாச்சு ஆச்சி? பயந்துட்டாங்களா? நீங்க நடக்கதைக் காட்டிச் சொல்லுங்களேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லக்கனி திறந்துவிட்டாள். அவளுக்கு ரகசியம் தங்காது. "அவளுக்குப் பண்ணவே இல்லம்மா! நான் இப்பத்தான் கண்ணால பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. குமரிப்பிள்ள முட்டி கணக்கா வழுவழுன்னு இருக்கு!"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. மாடிப்படியில் சிந்துஜா நின்றிருந்தாள். பேரன் என் கையைப் பிடித்தான். எட்டு வயதில் இழவு வீட்டில் பிடித்த மாதிரியே இறுக்கிப் பிடித்தான்.

"ஆச்சி, சின்னாச்சிக்குப் பயத்துல என்ன சொல்றோம்னே தெரியல. நீங்க சொல்லுங்க ஆச்சி" என்றான்.

செல்லக்கனி சொன்ன எதையும் நான் இதுவரை சரி என்று ஒப்புக்கொண்டதில்லை. மழை பெய்கிறது என்று அவள் சொன்னால் கூட வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் தூறல் என்பேன்.

"அவ சொல்லுதது சரிதான்" என்றேன்.